பாஸ்வேர்டு மட்டும் அடித்தால் போதும்

அந்தக் கட்டத்தில் எண்ணை நிரப்பி வைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதற்கப்புறம் நான் பலரைத் திட்டப்போகிறேன். திட்டுவதற்கு உனக்கு என்ன யோக்கியதை என்று யாரும் பாதியில் கேட்டுவிடக் கூடாது.

திருப்பதிக்கும் சந்திரகிரிக்கும் நடுவில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் ஒப்பந்தப் புரோகிராமராக இருந்தேன். ஊழியர்களுக்கான போர்ட்டல் முழுக்க என் பொறுப்பு. வருகைப் பதிவு, டைம்டேபிள், சுற்றறிக்கை, லீவு விண்ணப்பம் எல்லாம் அதில்தான். அதன் மூலையில் 'மெயில்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் கல்லூரி மெயிலின் நுழைவுப் பக்கம் திறக்கும். அங்கே நம் ஊழியர் எண்ணையும் பாஸ்வேர்டையும் அடித்து உள்ளே போக வேண்டும். போர்ட்டல் எங்கள் கையில் இருந்தது. மெயில் சித்தூரில் இருந்த தலைமை அலுவலகத்தின் கையில் இருந்தது. வருடக்கணக்கில் இப்படியே ஓடியது, யாரும் செத்துப்போகவில்லை.

எங்கள் நிர்வாக அதிகாரி, அதாவது ஏ.ஓ., ஒருநாள் தன்னுடைய சொந்த ஊழியர் எண்ணையே இரண்டு முறை தப்பாக அடித்துவிட்டார். அதற்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஏ.ஓ. சார் என்றால் கல்லூரியில் முதல்வருக்கே கொஞ்சம் பயம். "போர்ட்டல்கி நேனெவரோ தெலுசு கதம்மா? மரி மெயில் எந்துக்கு மள்ளி அடுகுத்துந்தி?" என்றார். நான் யாரென்று போர்ட்டலுக்குத் தெரியும், அப்புறம் மெயில் எதற்கு மறுபடி கேட்கிறது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். அவர் கேட்ட நியாயமான கேள்வி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அரை நாள் வேலை. போர்ட்டலில் பட்டனை அழுத்தினால், யாருடைய போர்ட்டல் திறந்திருக்கிறதோ அவருடைய எண்ணை மெயில் பக்கத்தின் முகவரியோடு சேர்த்து அனுப்பச் செய்தேன். மெயில் பக்கம் அதை எடுத்து மேல் கட்டத்தில் நிரப்பிக்கொள்ளும். கர்சர் நேராகப் பாஸ்வேர்டு கட்டத்துக்குப் போய் நிற்கும். சித்தூர்க்காரர்களும் சரி என்றார்கள். ஏ.ஓ. பார்த்துவிட்டு, எண் பெரிதாக அசிங்கமாகத் தெரிகிறது, சின்னதாக்கு, வெளிர் சாம்பலாக்கு என்றார். ஆக்கினேன். முதுகில் தட்டாத குறையாகப் பாராட்டினார். இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

அப்புறம் சேர்மன் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி உங்கள் எண் தானாகவே வரும், பாஸ்வேர்டு மட்டும் அடித்தால் போதும் என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஆசிரியர்கள் சுற்றறிக்கையில் எதற்குக் கீழ்ப்படிகிறார்களோ இல்லையோ, வேலை குறைகிறது என்றால் உடனே கீழ்ப்படிவார்கள்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவரும் அதில் போர்ட்டலைத் திறந்தவரும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டேன். எந்த ஊரில் அது உண்மையோ, எங்கள் கல்லூரி லேப்களில் உண்மை இல்லை. அது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரிந்தே மறந்தேன்.

எங்கள் கல்லூரியில் ஆசிரியர்களுக்கு வாசலில் விரல் வைக்கும் மெஷின். லேப் உதவியாளர்கள் ஒப்பந்தக்காரர்கள் என்பதால் அவர்கள் விரலுக்கு அந்த மரியாதை இல்லை. அவர்கள் ஒன்பது மணிக்குள் லேப்பின் முதல் கம்ப்யூட்டரில் போர்ட்டலைத் திறக்க வேண்டும், அதுதான் வந்த நேரம். போர்ட்டலை மூடினால் அதுதான் போன நேரம். நாலரைக்கு முன்னால் மூடிவிட்டால் அரை நாள் லீவு தானாகக் கழிந்துவிடும். இந்த விதியும் ஏ.ஓ. போட்டது, நிரலாக்கியது நான். ஆக, ஒவ்வொரு லேப்பிலும் முதல் கம்ப்யூட்டர் காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த உதவியாளர் பெயரில் திறந்தே கிடக்கும். மூட யாருக்கும் துணிச்சல் வராது. லேப்பின் பிரிண்டரும் அந்த ஒரு கம்ப்யூட்டரோடுதான் கட்டப்பட்டிருந்தது. மெயிலில் இருப்பதைப் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்றால் எல்லா ஆசிரியர்களும் அங்கேதான் வந்து உட்கார வேண்டும்.

எலக்ட்ரானிக்ஸ் லேப்பின் உதவியாளரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பாலசமுத்திரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். என் சொந்த ஊர் நகரி பக்கம் என்பதால், சுற்றிலும் தெலுங்கு ஓடிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் நாங்கள் இருவரும் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் தமிழைப் பேசிக்கொள்வோம். பதினோரு வருடமாக ஒப்பந்தம். எந்த மெஷின் மழைக்காலத்தில் மக்கர் பண்ணும், எந்த மாணவன் ஒயரைப் பையில் போட்டுக்கொண்டு போவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப்பிப்புக்காக ஏ.ஓ. அறை வாசலில் நின்று, பல்லைக் காட்டி, கையெழுத்து வாங்கி வருவார். அந்த வருடம் நிர்வாகம் லேப் உதவியாளர்களில் சிலரை நிரந்தரம் ஆக்கப்போவதாக அறிவித்தது. தேர்வானவர்களுக்குக் கல்லூரி மெயிலில் கடிதம் வரும். அதே மெயிலிலிருந்து சம்மதம் என்று பதில் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

சுற்றறிக்கை வந்த வாரமே இரண்டு ஆசிரியர்கள் என்னிடம் வந்தார்கள். மெயில் லாக் ஆகிவிட்டது என்றார்கள். மெயில் பதிவுகளைப் பார்க்க மட்டும் எனக்கு அனுமதி உண்டு. இரண்டு பேர் எண்ணையும் பார்த்தேன். லாக் ஆகவில்லை. "இல்லையே சார், நல்லாத்தானே இருக்கு, போன்ல பாருங்க" என்று அனுப்பிவிட்டேன். அவர்களுடையது லாக் ஆகவில்லை என்றால் அவர்கள் பார்த்த லாக் யாருடையது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. பாராட்டு வாங்கிய வேலையில் ஓட்டை இருக்கும் என்று யார் யோசிக்கிறார்கள்?

வியாழக்கிழமை காலை அக்கா என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அப்படி அவர் எப்போதும் செய்ததில்லை.

"லெட்டர் வந்துகீதுன்னு திங்கக்கெழமயே சொன்னாங்க. என் பேரும் கீதாம். மெயில தொறந்தா லாக்குன்னு காட்டுது. நான் தப்பா அடிச்சேனோ இன்னாவோ. ரெண்டு நாளா யாராண்டயும் சொல்லாம பார்த்துக்கினு இருந்தேன்."

"ஏன்க்கா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? லேப்ல பதினோரு வருசமா கீறவளுக்கு பாஸ்வேர்டு மறந்துபோச்சின்னு சிரிப்பாங்க. பேருக்குத்தான் லேப்பு, ஒரு மெயிலு தொறக்கலன்னு ஒரு சாரு போன வாரமே சிரிச்சாரு."

பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். அக்காவின் எண்ணில் வரிசை வரிசையாகத் தப்பான பாஸ்வேர்டுகள். எல்லாம் லேப்பின் முதல் கம்ப்யூட்டரிலிருந்து. அக்கா மூன்றாம் மாடியில் ஸ்டோரில் சாமான் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில்கூட. எனக்கு அப்போதுதான் மண்டையில் இறங்கியது. ஆசிரியர்கள் பிரிண்ட் எடுக்க வந்து உட்காருகிறார்கள். மெயில் பட்டனை அழுத்துகிறார்கள். மேல் கட்டத்தில் சின்னதாக, சாம்பலாக ஓர் எண் வந்து உட்காருகிறது. அது அக்காவுடையது. யார் அதைப் படிக்கிறார்கள்? பாஸ்வேர்டு மட்டும் அடித்தால் போதும் என்று சேர்மனே சொல்லிவிட்டார். அவரவர் பாஸ்வேர்டை அக்காவின் எண்ணுக்குக் கீழே அடிக்கிறார்கள். ஐந்து முறை தப்பானால் கதவு பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கும் அதிகாரம் சித்தூருக்குத்தான் உண்டு.

"உங்க தப்பு இல்லக்கா. என் தப்பு" என்று விளக்கிச் சொன்னேன். அக்கா முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. தான் முட்டாள் இல்லை என்று தெரிந்த நிம்மதிதான் முதலில் வந்தது. அதைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது.

நேராக ஏ.ஓ.விடம் போனேன். நடந்ததைச் சொல்லி, அந்த நிரப்பும் வசதியை எடுத்துவிடுகிறேன் சார் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றவும் இல்லை. சேர்மன் கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கை, பத்து நாளில் வாபஸ் வாங்கினால் யாருக்குக் கேவலம் என்று கேட்டார். எழுத்தில் உத்தரவு இல்லாமல் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்றார். "யூசர் மிஸ்டேக் அனி ராசேய். சித்தூர்கி பம்பித்தாம். நீக்கெந்துக்கம்மா ஈ தலநொப்பி?" உபயோகிப்பவரின் தவறு என்று எழுதிக் கொடு, சித்தூருக்கு அனுப்பலாம், உனக்கு எதற்கு இந்தத் தலைவலி என்று அர்த்தம். சொல்லிக்கொண்டே மேஜைமேல் இருந்த ஒரு கோப்பை நகர்த்தி வைத்தார். ஒப்பந்தப் புதுப்பிப்புக் கோப்பு. என் பெயரும் அதில் இருந்தது. வேண்டுமென்றே நகர்த்தினாரா, காபி வைக்க இடம் பண்ணினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் எனக்குப் புரியவேண்டியது புரிந்தது.

என் இடத்துக்கு வந்து போர்ட்டலின் நிரலைத் திறந்தேன். எண்ணை அனுப்பும் வரி கண்முன்னால் இருந்தது. அதில் கர்சரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மூடிவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு தாளில் 'எண்ணைச் சரிபார்த்த பிறகு பாஸ்வேர்டு அடிக்கவும்' என்று தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதி, லேப் கம்ப்யூட்டரின் நெற்றியில் ஒட்டச் சொல்லி அக்காவிடம் கொடுத்தேன். ஏற்கெனவே அங்கே நாலு தாள் ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றவும், மின்விசிறியை அணைக்கவும் என்றெல்லாம். ஐந்தாவது தாளை யார் படிப்பது?

வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டேன். சித்தூருக்குப் போய் நேரிலேயே திறந்து வாங்கிவிடலாம் என்று நானும் அக்காவும் கிளம்பினோம். எலக்ட்ரானிக்ஸ் துறைத்தலைவி அம்மா நல்லவர். ஒரு நாள் லீவு எதற்கு வீணாகப் போக வேண்டும், காலையில் வந்து போர்ட்டலைத் திறந்து வைத்துவிட்டுப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்காவிடம் சொல்லி, சித்தூரில் காட்ட ஒரு கடிதமும் கொடுத்திருந்தார். அக்கா அப்படியே செய்துவிட்டுச் சந்திரகிரியில் என்னோடு பஸ் ஏறினார். பஸ்ஸில் அதைச் சந்தோஷமாகச் சொன்னார். நானும் நல்லதாப் போச்சுக்கா என்றேன். இதைவிடப் பெரிய மடத்தனத்தை நான் வாயால் சொன்னதில்லை.

தலைமை அலுவலகத்தில் மெயில் பார்க்கிறவர் சாப்பிடப் போயிருந்தார். மேல் மாடியில் பணியாளர் பிரிவு. கடிதம் அனுப்பியவர்களே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். இவர்தான் அந்த லேப் உதவியாளர், மெயில் திறக்கவில்லை, சம்மதம் என்று நேரில் சொல்ல வந்திருக்கிறார், தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறார் என்றேன். அங்கிருந்த குமாஸ்தா திரையைத் திருப்பிக் காட்டினார். அக்காவின் பெயருக்கு எதிரே 'பதில் இல்லை' என்று இருந்தது.

"மெயில்லோ செப்பண்டி" என்றார். மெயிலில் சொல்ல வேண்டுமாம்.

"இதோ எதிர்ல நின்னு சொல்றாங்களே சார்!"

"மெயில்லோ ஒஸ்தேனே எக்குத்துந்தி." மெயிலில் வந்தால்தான் ஏறுமாம்.

ஓர் ஆள் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து, முகத்துக்கு முகம் நின்று, எனக்குச் சம்மதம் என்கிறாள். அவள் வாயிலிருந்து வந்தால் அது பதில் இல்லை. அவள் சோறு தின்னும் வாய் அது, பதினோரு வருடம் பிள்ளைகளை அதட்டி வேலை வாங்கிய வாய். எனக்கு அந்தத் திரையைத் தூக்கி ஜன்னல் வழியாகப் போட வேண்டும் போல இருந்தது. சத்தம் போட்டேன். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தேன். குமாஸ்தா பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்பவர்களிடம் சண்டை போடுவது போன்ற கொடுமை இல்லை. அக்கா என் கையைப் பிடித்து, "உடு, கீழ போயி அந்த ஆளப் பாக்கலாம்" என்று இழுத்துக்கொண்டு வந்தார்.

மெயில்காரர் மூன்றரைக்கு வந்தார். துறைத்தலைவியின் கடிதத்தைப் பார்த்தார், அக்காவின் அடையாள அட்டையைப் பார்த்தார், ஒரு பாரத்தை நிரப்பச் சொன்னார். எல்லாம் முடிந்து நாலு மணி பத்து நிமிடத்துக்குப் பூட்டைத் திறந்தார். பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்காரச் சொன்னார். அக்கா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தன் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அடித்து, வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். பாஸ்வேர்டை அடித்தார். ஒரு விரல்தான், ஆனால் தப்பே இல்லை. நான் பின்னால் நின்று பார்த்தேன்.

கணக்கு பூட்டப்பட்டுள்ளது என்று வந்தது.

மெயில்காரர் தன் திரையைப் பார்த்தார். "இப்புடே தீஸானே!" என்றார். இப்போதுதானே திறந்தேன் என்று அவருக்கே ஆச்சரியம். நான் எட்டிப் பார்த்தேன். திறந்த நாலே நிமிடத்தில் ஐந்து தப்பான பாஸ்வேர்டுகள். எங்கள் லேப்பின் முதல் கம்ப்யூட்டரிலிருந்து.

திங்கட்கிழமை உள்தேர்வு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லா ஆசிரியர்களும் வினாத்தாள் பிரிண்ட் எடுக்க அந்தக் கம்ப்யூட்டரில்தான் நிற்பார்கள். அக்காவின் போர்ட்டல் அங்கே திறந்திருந்தது, துறைத்தலைவி அம்மாவின் நல்ல மனதால். இத்தனை நாள் பூட்டு என்று காட்டிய பக்கம் திடீரென்று தப்பான பாஸ்வேர்டு என்று காட்டியதும், ஆஹா சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று யாரோ திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்.

மறுபடி திறங்கள் என்றேன். திறந்த நாளிலேயே மறுபடி பூட்டிக்கொண்டால் மறுநாள் காலைவரை தன்னாலும் திறக்க முடியாது, மெஷினே விடாது என்றார் மெயில்காரர். பொய் சொல்லவில்லை, பொத்தானை அழுத்திக் காட்டினார். நான் என் லேப்டாப்பை எடுத்து, அவர் மேஜையின் ஓரத்திலேயே வைத்து, போர்ட்டலுக்குள் போய் அந்த வரியை அழித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. எந்த உத்தரவும் எழுத்தில் வரவில்லை. இனி எவன் அடித்தாலும் அவன் எண்ணையும் சேர்த்துத்தான் அடித்தாக வேண்டும். அப்போது நாலு மணி இருபத்தைந்து. அதனால் அக்காவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஐந்து மணிவரை பணியாளர் பிரிவு வாசலில் உட்கார்ந்திருந்தோம். எதற்கு என்று தெரியவில்லை. எழுந்து போக மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஐந்து மணிக்குக் குமாஸ்தா பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார், எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அக்காவுக்குத் தாளில் ஒரு கடிதம் வந்தது. உரிய காலத்தில் பதில் வராததால் உங்களுக்கு விருப்பமில்லை என்று கருதப்படுகிறது என்று அச்சடித்திருந்தது. அந்த வார்த்தையால் வந்த கோபம் எனக்கு இன்றுவரை அடங்கவில்லை. இல்லை என்று சொல்லத்தான் மெயில் தேவையில்லையே இவர்களுக்கு. ஏ.ஓ. என்னிடம் அறிக்கை கேட்டார். யூசர் மிஸ்டேக் என்று எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். அது எந்தக் கோப்பில் உறங்குகிறதோ. ஜூன் மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதுதான் எனக்கு ஆகவே ஆகவில்லை. சண்டை போட்டு வெளியே அனுப்பியிருந்தாலாவது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். மூன்று மாதம் கழித்து நானே போய்விட்டேன்.

ஆனால் எனக்கு மறக்காதது அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சித்தூர் பஸ் நிலையம். அக்காவுக்குப் புத்தூர் பஸ், எனக்குத் திருப்பதி பஸ். இரண்டும் வரவில்லை. நான் விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். ஏ.ஓ.வைத் திட்டினேன், குமாஸ்தாவைத் திட்டினேன், எண்ணைப் படிக்காத ஆசிரியர்களின் படிப்பைத் திட்டினேன். அக்கா எதற்கும் தலையாட்டவில்லை. நடுவில் குறுக்கிட்டுக் கேட்டார்.

"அங்க ஒக்காந்து இன்னாமோ அழிச்சியே. அதான் அந்த நம்பர் வர்றதா?"

"ஆமாங்க்கா."

"எவ்ளோ நேரம் ஆச்சி அத எடுக்க?"

"ரெண்டு நிமிஷம்."

"நேத்தே எடுத்திருந்தா?"

"அப்பவும் ரெண்டு நிமிஷம்தாங்க்கா. ஆனா ஏ.ஓ. சார் தொடக்கூடாதுன்னுட்டாரு. என் ரின்யூவலு அவர் கையில..."

அக்கா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குரலில் சூடே இல்லை, கணக்குக் கேட்பதுபோலக்கூட இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதுபோலத்தான் கேட்டார்.

"எனுக்கோசரம் லீவு போட்ட. சாப்புடாம கொள்ளாம இவ்ளோ தூரம் வந்த. மேல அந்த ஆளாண்ட தொண்ட கிழிய கத்துன. அதுக்குலாம் பயப்படல. அந்த ரெண்டு நிமிசத்துக்குத்தான் பயந்துட்டியா?"

ஆமாங்க்கா என்றேன். புத்தூர் பஸ் வந்து நின்றது. உட்கார இடம் கிடைக்காமல் போய்விடுமே என்று அக்கா கூட்டத்தோடு முண்டியடித்துக்கொண்டு ஏறினார்.